நாற்பது நாள் அழாத ஊர்

நெடுங்கரையில், மூச்சு நின்றுவிட்டால் மட்டும் ஒருவர் செத்தவராகிவிட முடியாது. சேந்தி வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, முதல் குரல் எடுக்க வேண்டும். அவள் ஓர் அடி பாடி முடித்த பிறகுதான் மற்றப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்துகொள்ளலாம், அவர்கள் சேர்ந்த பிறகுதான் செத்தவர் முறைப்படி செத்தவராவார், அதுவரைக்கும் அவர் ஊரைச் சேர்ந்த ஆள்தான் என்று சொல்வார்கள். அது வெறும் பேச்சா, உண்மையிலேயே அப்படித்தானா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு வரவில்லை. காரணம் சேந்தியின் சுறுசுறுப்பு. இருபத்தைந்து வருடங்களில் எந்தப் பிணத்தையும் அவள் ஓர் உலை கொதிக்கும் நேரத்துக்கு மேல் காக்க வைத்ததில்லை.

அந்த ஊரை ஆண்டவர் வேள் நெடுங்கொற்றன். ஆண்டவர் என்றதும் பெரிய ராஜ்ஜியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு மலை, ஓர் ஆறு, நானூறு வீடு, எட்டு யானை, ஒரு வெண்கொற்றக் குடை, அவ்வளவுதான். அந்தக் குடையைப் பிடித்தவன் சேந்தியின் ஒரே மகன் அந்துவன். இருபத்திரண்டு வயது, தோள் அகலம், பேச்சு குறைவு. வேள் வயலுக்குப் போனாலும் வாய்க்கால் வெட்டப் போனாலும் அந்துவன் வலக்கையால் குடையை உயர்த்தியபடி ஓர் அடி பின்னால் நடப்பான், வெயில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் குடையும் சாயும். வேளின் முகத்தில் வெயில் பட்டு ஆறு வருடமாயிற்று என்று சேந்தி தண்ணீர்த்துறையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாள்.

அப்போதுதான் மேற்குக் கடலிலிருந்து அவன் வந்தான். அவனுடைய சொந்தப் பேர் நெடுங்கரைக்காரர்கள் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் ஏழுகடலான் என்று பேர் வைத்தார்கள். கப்பல் கப்பலாகக் குதிரை கொண்டுவந்தான், கடற்கரை ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தான், ஏழு அரசர்கள் வரிசையாக வந்து தங்கள் குடையை அவன் காலடியில் மடக்கி வைத்தார்கள். குடையை மடக்கி வைத்தால் நாடு கைமாறியது என்று பொருள். எட்டாவதாக நெடுங்கரைக்கு ஆள் அனுப்பினான். வேள் நெடுங்கொற்றன் வந்தவனுக்கு வயிறு நிறையச் சோறு போட்டு, “எங்க ஊர்ல வெயில் ஜாஸ்திப்பா. குடை தர்றதுக்கில்லைன்னு போய்ச் சொல்லு” என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

நெடுங்கரைக்குள் வர ஒரே வழி ஆற்றின் நடுவே இருந்த ஆனைப்பாறைத் துறை. மற்ற இடமெல்லாம் சுழல். வேள் அந்தப் பாறைமேல் போய் நின்றார், பின்னால் குடையோடு அந்துவன் நின்றான், இருபுறமும் புதரில் வில்லாளிகள் நூறு பேர் படுத்தார்கள், அன்று காலையிலிருந்து உச்சிப்பொழுதுவரை ஏழுகடலானின் குதிரைகள் துறையில் இறங்கியதும் விழுந்ததுமாகவே இருந்தன. வில்லாளிகளில் பதினேழு பேர் ஆற்றோடு போனார்கள், நாற்பத்து மூன்று பேர் காயப்பட்டுக் கரையேறினார்கள். உச்சிவெயிலில் அக்கரையிலிருந்து இரண்டு அம்புகள் வந்தன. ஒன்று வேளின் மார்பில் இறங்கியது, ஒன்று அந்துவனின் விலாவில். காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கரையில் நின்ற சேந்தி இரண்டையும் பார்த்தாள்.

இருபத்தைந்து வருடப் பழக்கம். அவள் கை தானாகக் கூந்தலுக்குப் போயிற்று, வாய் தானாகத் திறந்தது. அந்த வாயைப் பின்னாலிருந்து ஒரு கை பொத்தியது. அது அமைச்சர் மோசியின் கை.

“சத்தம் போடாத. விழலை பாரு,” என்றார் அவர்.

பார்த்தாள். வேள் விழவில்லை. கண் திறந்தபடி, கை வாள்மேல் வைத்தபடி, காலை அகட்டி அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் அந்துவனும் நின்றான், குடை சாயவில்லை. மார்பில் அம்பு ஏறியும் கீழே விழாத மனிதரைப் பார்த்து அக்கரையில் ஒருவன் வில்லைக் கீழே போட்டான், அவனைப் பார்த்து இன்னொருவன் போட்டான், சற்று நேரத்தில் ஏழுகடலானின் படை துறையை விட்டுப் பின்வாங்கிப் போய்க் கூடாரம் அடித்தது. மோசி தண்ணீரில் இறங்கிப் பாறைக்குப் போய் இருவர் மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். மூச்சில்லை என்று தலையை ஆட்டினார். சேந்தி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆக, அது வெறும் பேச்சு இல்லை என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் பெரிதாக வியக்கவில்லை. வியக்க நேரமில்லை. மிஞ்சியிருந்த நாற்பது வில்லாளிகளை வைத்துத் துறையைக் காக்க முடியாது, வேள் நிற்கிறார் என்ற பயம்தான் துறையைக் காக்கிறது. ஓர் அழுகைச் சத்தம் கேட்டால் வேள் விழுவார், வேள் விழுந்தால் மறுநாள் நானூறு வீடும் எரியும். அன்று சாயங்காலமே ஊர் கூடிற்று, ஊர்கூடி முடிவெடுத்தது: எதிரி போகும்வரை நெடுங்கரையில் யாரும் அழக்கூடாது.

சொல்வது சுலபம். முதல் சிக்கல் பச்சைப் பிள்ளைகளால் வந்தது. பிள்ளை பாலுக்கு அழுவது சாவு அழுகையில் சேருமா சேராதா என்று ஒரு பகல் முழுக்க வாதம் நடந்தது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது மற்ற ஊர்களின் சட்டம், நெடுங்கரையில் தாய்மார்கள் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே மாரைக் கொடுத்தார்கள், அந்த வருடத்துப் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று ஆனதற்கு அதுதான் காரணம். ஈர விறகை அடுப்பில் வைக்கக்கூடாது என்றார்கள், பிறகு கண்ணீர் பரவாயில்லை, சத்தம்தான் கூடாது என்று திருத்திக்கொண்டார்கள். வெங்காயம் பிழைத்தது. மலையடிவாரத்துக்கு வாக்கப்பட்டுப் போன ஒரு பெண், தாயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் பெண் கொஞ்சம் ஒரு மாதிரியோ என்று வழியெல்லாம் குசுகுசுத்துக்கொண்டு போனார்கள். பத்தாம் நாள் குயவர் ஒருவரைப் பாம்பு கொத்தியது. அவர் மூச்சு நின்றபோது சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தார், அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தினம் காலையில் அவர்மேல் படிந்த தூசியைத் துணியால் தட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மிஞ்சிய பானைகளுக்குச் சாயம் பூசினாள்.

வேளுக்கு நாற்றம் வரவில்லை, ஈ மொய்க்கவில்லை. தாடி மட்டும் வளர்ந்தது. அதனால் நாவிதர் உறையன் தினம் காலையில் ஓலைப்பெட்டியும் எண்ணெய்க் கிண்ணியுமாக ஆற்றில் இறங்கிப் போய், அக்கரைக் கூடாரங்களின் கண் முன்னால், வேளுக்குச் சவரம் செய்து, மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிவிட்டு வந்தார். அம்புகளின் தண்டை முதல் நாளே அறுத்துவிட்டு, மிஞ்சியதன் மேல் மாலை போட்டு மறைத்ததும் அவர்தான். கை நடுங்காமல் கத்தி பிடிக்க அவர் படும் பாடு ஆற்று மீன்களுக்கு மட்டும் தெரியும். வேளின் மனைவி, ஊர் பெருந்தேவி என்று கூப்பிடும் முப்பது வயதுப் பெண், கரையில் நின்று புது மாலையை உறையனிடம் கொடுத்து அனுப்புவாள். பூவும் பொட்டும் எடுக்காமல், சிரித்த முகமாக நிற்க வேண்டும். நின்றாள்.

சேந்தி தினமும் ஒரு கலயம் கூழ் கொண்டுபோனாள். குடைக்காரனுக்குச் சாப்பாடு போகாவிட்டால் எதிரிக்குச் சந்தேகம் வரும் என்று மோசியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தாள். பாறைமேல் ஏறி மகன் முகத்தைத் துடைப்பாள், உதட்டில் கலயத்தை வைத்து எடுப்பாள், கூழை மறுபக்கம் மீனுக்கு ஊற்றுவாள். “ஒழுங்கா நில்லு. முதுகைக் கூன் போடாத,” என்று வழக்கம்போல அதட்டிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வதை தொடங்கும். ஊரில் எல்லாருக்கும் பாடியவள் அவள், இதுவரை முகம் பார்த்திராத கிழவர்களுக்கும் நெஞ்சு பிளக்க அடி கட்டிக் கொடுத்தவள். இப்போது கூழ் கிண்டும்போதும் நெல் குத்தும்போதும் மகனுக்கான அடிகள் தானாகவே வந்து வரிசையில் நின்றன. அவளுக்கு அவை வேண்டாம். ஒவ்வோர் அடியாக விழுங்கினாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள், ஒப்பாரியும் அப்படித்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

இருபத்தெட்டாம் நாள் காலையில் அக்கரையிலிருந்து ஒரு படகு வந்தது. அதில் ஏழுகடலானின் தூதன் இருந்தான், கூடவே அவன் பேச்சை நம் பேச்சாக மாற்ற, கடற்கரையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த வணிகன் ஒருவன். ஊரே கரையில் வந்து நின்றது. படகு ஆனைப்பாறையைச் சுற்றிக்கொண்டு போகும்போது தூதன் எழுந்து நின்று வேளை உற்றுப் பார்த்தான். உறையன் அப்போதுதான் சவரம் தொடங்குவதுபோல் வேளின் முகத்தை மறைத்துக்கொண்டு நின்று, தேய்த்த கன்னத்தையே மறுபடி தேய்த்தார்.

“உங்க அரசரோட பேசணும்ங்கிறார்,” என்றான் வணிகன், படகு கரை தட்டியதும்.

“சவரம் ஆயிட்டிருக்கு. கத்தி கழுத்துல இருக்கறப்ப எந்த ராசாவும் பேச மாட்டார். எங்கிட்டச் சொல்லுங்க,” என்றார் மோசி.

“தோத்த பின்னால உங்க அரசரை எப்படி நடத்தணும்னு எங்க அரசர் கேக்கறார்.”

“நிக்க விட்டாப் போதும்,” என்றார் மோசி.

தூதன் சிரிக்கவில்லை. கையைச் சொடுக்கினான். படகுக்காரர்கள் ஒரு மூட்டையை அவிழ்த்து மணலில் கொட்டினார்கள். ஆற்றோடு போன பதினேழு பேரின் வீரக்கழல்கள், கைக்காப்புகள், ஒருவனுடைய தாயத்து. ஒவ்வொன்றையும் தூதன் எடுத்து வரிசையாக வைத்தான். வைத்துக்கொண்டே பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். தாயத்துக்குரியவனின் மனைவி தன் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்தாள், பிடித்த இடத்தில் நகம் இறங்கி ரத்தம் வந்தது, முகம் மட்டும் கல்யாணத்துக்கு வந்தவள் முகமாகவே இருந்தது.

வணிகன் தூதன் காதில் ஏதோ சொன்னான். மிளகு விற்கப் போன ஊரிலெல்லாம் ஊர்க்கதையும் சேர்த்து வாங்கிவந்தவன் அவன். பிறகு நிமிர்ந்து, “இந்த ஊர்ல சாவுக்கு முதல்ல அழறவ ஒருத்தி உண்டாமே. அவளை வரச் சொல்றார்,” என்றான்.

சேந்தி முன்னால் வந்தாள்.

“பதினேழு பேர் செத்துப்போனாங்க. அதுக்குச் சாட்சி இங்க கிடக்கு. ஏன் இன்னும் அழல? அழு, கேக்கறோம்ங்கிறார்.”

அழுதால் வேள் விழுவார். அழ மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான், ஏன் என்று தெரிந்தாலும் வேள் விழுவார். சேந்தி குனிந்து தாயத்தை எடுத்தாள், அதில் ஒட்டியிருந்த மணலை முந்தானையால் துடைத்தாள், அதற்குரியவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து தூதனின் முகத்துக்கு நேராக நின்றாள்.

“நான் அழ ஆரம்பிச்சா பாதியில நிறுத்தறதில்லை,” என்றாள். “சண்டை இன்னும் முடியல. இன்னும் யார் யார் பேரு சேருமோ. எல்லாத்தையும் சேத்து ஒரேயடியா அழலாம்னு வச்சிருக்கேன். ஆமா, உங்க ராசாவுக்கு அழ அங்க பொம்பளை யாராச்சும் வந்திருக்காங்களா? இல்லைன்னா அவர் பேரைச் சொல்லிட்டுப் போங்க. அவருக்கும் நானே பாடிடறேன்.”

வணிகன் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். தூதன் அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகு மெதுவாகச் சொன்னான். தூதனின் முகம் வெளுத்தது. அவன் ஆனைப்பாறைப் பக்கம் திரும்பி, குடையைக் காட்டி ஏதோ கேட்டான்.

“அந்தக் குடைக்காரன் யாருங்கிறார். இருபத்தெட்டு நாளா கையை இறக்கவே இல்லையாம். தினமும் பாத்துக்கிட்டிருக்காராம். அவனுக்குக் கை வலிக்கலையாங்கிறார்.”

“எம் மகன்தான்,” என்றாள் சேந்தி. “கை வலிக்கறவன்கிட்ட எங்க ஊர்ல குடையைக் குடுக்கறதில்லை.”

படகு திரும்பிப் போயிற்று. மகனுக்கு அழாத தாய்மார்களும் புருஷனுக்கு அழாத பெண்டாட்டிகளும் இருக்கும் ஊரைப் பிடித்து என்ன செய்வது என்று தூதன் ஏழுகடலானிடம் கேட்டதாகச் சொல்கிறார்கள். கூடாரத்தில் ஏற்கெனவே காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது என்றும் சொல்கிறார்கள். எதுவானாலும், முப்பத்து மூன்றாம் நாள் அக்கரையில் கூடாரங்கள் இல்லை. மோசி ஆள் அனுப்பி, கடைசிக் கப்பலும் கடலில் மறைந்ததை உறுதி செய்துகொண்டு வரச் சொன்னார்.

ஆள் வந்து சொன்ன கணத்தில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு துறைக்கு ஓடிவந்தார்கள். ஆண்கள் மேல்துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். முப்பத்து மூன்று நாள் தொண்டையில் நின்றது வாய்வரை வந்துவிட்டது. எல்லாரும் சேந்தியைப் பார்த்தார்கள்.

சேந்தி ஆனைப்பாறையைப் பார்த்தாள். வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. மகன் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னிக்கு வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாளும் வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாளும். காலையில் கூழ் கொண்டுபோவாள், முகத்தைத் துடைப்பாள், முதுகைக் கூன் போடாதே என்பாள். இவ்வளவு நாள் ஊருக்காக அழாமலிருந்தவள் இப்போது தனக்காக அழாமலிருக்கிறாள் என்று எல்லாருக்கும் புரிந்தது, முதல் இரண்டு நாள் யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவளை விட்டுவிட்டு வேறு ஒருத்தியை முதல் குரல் எடுக்கச் சொன்னார்கள், அவள் வாயைத் திறந்தாள், வெறும் காற்றுத்தான் வந்தது. எல்லாரும் சேர்ந்து கத்திப் பார்த்தார்கள், இருமல்தான் வந்தது. பெண்களுக்குக் கண் வீங்கிற்று, மாட்டுப்பால் உப்புக் கரித்தது, ஊர்க்கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை.

குயவரின் மனைவி வந்து வாசலில் நின்றாள். “அக்கா, அந்த மனுசன் சக்கரத்துக்கு முன்னால உக்காந்து உக்காந்து எனக்குப் பாக்க முடியல. அவரைப் படுக்க வைக்கணும்க்கா,” என்றாள். சேந்தி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மோசி தடியோடு வந்தார். “ஊரோடு ஒத்து வாழணும் சேந்தி. மலைமேல மழை புடிச்சிருக்கு. ஆறு ஏறுது. வெள்ளம் வந்தா வேளை இழுத்துக்கிட்டுப் போயிரும். அப்பிடியொரு ராசாவுக்கு ஒரு கல்லு நட முடியாமப் போயிரும். உனக்குச் சம்மதமா?”

“வேளை வேணும்னா தூக்கிட்டு வந்து கரையில நிறுத்திக்குங்க ஐயா.”

“தூக்கிப் பாக்கலைன்னா நினைக்கிற? எட்டு யானையையும் கட்டி இழுத்தாச்சு. ரெண்டு பேரும் அசையல.”

“அப்ப வெள்ளமும் அசைக்காது,” என்றாள் சேந்தி. தான் சொன்னதை அவளே நம்பவில்லை.

நாற்பதாம் நாள் காலையில் ஆறு செந்நிறமாக ஓடியது. தண்ணீர் பாறையை மூடி வேளின் கணுக்காலுக்கு வந்திருந்தது. சேந்தி கூழ்க்கலயத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள், இறங்கத் தெம்பில்லாமல். வெள்ளம் வந்தால் மகன் நின்றபடியே கடல்வரைக்கும் போவான், யாரும் அழாதவனாக, குடையைப் பிடித்தபடி போவான் என்ற எண்ணம் வந்தது. வந்ததும் அதையும் விழுங்கினாள். பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. பெருந்தேவி. கையில் மாலை இல்லை.

திட்டுவாள் என்று சேந்தி எதிர்பார்த்தாள். கட்டளையிடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா,” என்றாள் பிறகு. “அன்னிக்குப் படகுல வந்தவன் ஒண்ணு கேட்டானில்ல. உங்க மகனுக்குக் கை வலிக்கலையான்னு.”

சேந்தி திரும்பி அவளைப் பார்த்தாள்.

“எனக்கு அன்னியிலேருந்து தூக்கமில்லை. என் புருசனுக்கு ஆறு வருசம் குடை புடிச்ச புள்ளை. நான் ஒரு நாளு கேட்டதில்லை. அவர் கேட்டதில்லை. இந்த ஊர்ல ஒருத்தரும் கேட்டதில்லை. நம்மளை அழிக்க வந்தவன்தான் கேட்டான்.”

சேந்தி கலயத்தைக் கீழே வைத்தாள். அவளும் கேட்டதில்லை. ஒழுங்காக நில் என்றுதான் சொல்லியிருக்கிறாள். சிறு வயதில் அந்துவனுக்கு ராத்திரியில் கைகால் குடைச்சல் வரும், அவள் நல்லெண்ணெய் தேய்த்து உருவிவிடுவாள், குடைக்காரனாக ஆன பிறகு அவன் ஒருமுறைகூட வலி என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று யோசித்தாள். தூதனிடம் சொன்ன அதே பதிலைத்தான் சொல்லியிருப்பாள்.

“உறையா, அந்த எண்ணெய்க் கிண்ணியைக் குடு,” என்றாள், ஓலைப்பெட்டியோடு சவரத்துக்கு வந்து நின்ற உறையனிடம்.

இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். தண்ணீர் மார்புவரை வந்தது, இழுத்தது. கரையில் ஊர் கூடிவிட்டது. பாறைமேல் ஏறியபோது வேளின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்திருந்தது. சேந்தி வேளைக் கடந்து போய் மகனுக்கு முன்னால் நின்றாள். உயர்ந்திருந்த அவன் கையை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றித் தோளிலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள், முழங்கையைத் தேய்த்தாள், மணிக்கட்டைத் தேய்த்தாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் ஒவ்வொரு விரலாக உருவிவிட்டாள். பெருந்தேவி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எட்டு யானையால் அசைக்க முடியாத கை மெல்ல இளகியது. சுண்டுவிரல் விட்டது, மோதிரவிரல் விட்டது. கடைசியில் கட்டைவிரல் விட்டதும் குடை மொத்தமாகச் சேந்தியின் கைக்கு வந்தது.

வந்த வேகத்தில் அவள் கை கீழே போயிற்று. இன்னொரு கையையும் கொடுத்துத் தாங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் அந்தக் குடையைத் தொட்டதில்லை, அது பட்டும் வெள்ளிப்பூணுமாகப் பார்வைக்கு இலேசாகத்தான் இருந்தது. கையிலோ ஓர் ஆட்டுக்கல்லைத் தூக்குவதுபோல் இருந்தது. இதையா, என்று நினைத்தாள். இதையா இவன் ஆறு வருடம்.

அப்போது குரல் வந்தது. இருபத்தைந்து வருடமாக முதல் குரலில் இறந்தவர்களில் பெரியவர் பேரைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது முறை. வேள் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார். சேந்தி அவரைப் பாடவில்லை.

*கனக்குதுன்னு சொல்லலையே – என் அந்துவா*
*கைமாத்திப் பிடிக்கலையே*
*ஊருக்கே நிழல் பிடிச்ச – என் ஐயா*
*உனக்கு நிழல் யார் பிடிச்சா?*

அடி முடிந்ததும் அந்துவன் முழங்கால் மடங்கித் தாயின் தோள்மேல் சாய்ந்தான். வேள் நெடுங்கொற்றன் முன்புறமாகப் பெருந்தேவியின் மேல் சாய்ந்தார். கரையிலிருந்து ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். நாற்பது நாள் அழுகை நானூறு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியது, பதினேழு பேருக்கும் வேளுக்கும் சேர்த்து அழுதார்கள், வாக்கப்பட்டுப் போன மகளுக்காக அழுதார்கள், யானைகள்கூடப் பிளிறின. குயவர் வீட்டில் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தவர் ஒருக்களித்துத் தரையில் படுத்தார்.

இரண்டு உடல்களையும் கரையில் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். குழி தோண்டத் தொடங்கினார்கள். மலைமேல் மேகம் கறுத்திருந்தது, ஆனால் கரையில் இன்னும் உச்சிவெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் இறக்கும்வரை வேளின் முகத்தில் வெயில் படக்கூடாது, அதற்குத்தான் வெண்கொற்றக் குடை. சேந்தி இரண்டு கையாலும் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வந்து மகனின் தலைமாட்டில் நின்று, குடையை அவன்மேல் சாய்த்துப் பிடித்தாள்.

வேளின் முகத்தில் வெயில் விழுந்தது.

மோசி வாயைத் திறந்தார். பெருந்தேவி அவரைப் பார்த்தாள், அவர் மூடிக்கொண்டார். அவள் தன் முந்தானையை எடுத்துப் புருஷனின் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழி தோண்டி முடிக்க வெகுநேரமாயிற்று. பாறை நிலம். வெயில் நகர்ந்தது, வெயிலோடு குடையும் நகர்ந்தது. உறையன் வந்து குடையை வாங்கக் கை நீட்டினார், சேந்தி தரவில்லை. வில்லாளி ஒருவன் வந்தான், தரவில்லை.

“கை வலிக்கலையாக்கா?” என்றாள் பெருந்தேவி.

“வலிக்குது தாயி,” என்றாள் சேந்தி. “ரொம்ப வலிக்குது.”

குடையை இறக்கவில்லை.